குளிர்கால நிறுத்தமும் மோட்டார் சைக்கிள் செயினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோ, ஒட்டாவா, மொண்ட்ரியால் பக்கம் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நவம்பரில் வண்டியை ஓரங்கட்டி ஏப்ரலில்தான் வெளியே எடுக்கிறார்கள். பேட்டரிக்குச் சார்ஜர், பெட்ரோலுக்கு ஸ்டெபிலைசர், டயருக்குக் காற்று என்று எல்லாம் பார்ப்பவர்கள்கூட செயினை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஐந்து மாதம் கழித்துத் துருப்பிடித்து விறைத்த செயினோடு சாலைக்கு வருவது செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. இங்கே சொல்வது 250 சிசிக்கு மேற்பட்ட, ஓ-ரிங் வகைச் செயின் (கண்ணிகளின் தகடுகளுக்கு இடையே ரப்பர் வளையம் உள்ளது) போட்ட சாலை வண்டிகளுக்கு. ஓ-ரிங் இல்லாத செயினுக்குத் தனியாக ஒரு பதில் கீழே இருக்கிறது.

ஓடாமல் நிற்கும் வண்டியில் செயின் எப்படிக் கெடும்?

ஓடினால் தேயும், நின்றால் துருப்பிடிக்கும். துருவுக்கு வேண்டியது இரும்பு, ஈரம், காற்று. உப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு. வட அமெரிக்காவில் இலையுதிர் காலத்தின் கடைசி ஓட்டங்களில் அந்த உப்பு செயினில் ஏறிவிடுகிறது. பனி விழும் முன்பே லாரிகள் உப்புக் கரைசலைச் சாலையில் தெளித்துவிட்டுப் போகும். காய்ந்த சாலையில் இணையிணையாக வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது அந்தக் கரைசல்தான். டயர் அதை அள்ளி நேராகச் செயினில் வீசுகிறது.

மைனஸ் 10 டிகிரியை ஒட்டிச் சாதாரண உப்பு பனியை உருக்கத் திணறும் என்பதால் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு போன்றவற்றையும் சேர்க்கிறார்கள். சோற்று உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் கசியத் தொடங்கும். இந்த இரண்டும் அறை வெப்பநிலையில் 35 சதவீதத்தை ஒட்டியே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். அதாவது, செயினைத் துணியால் துடைத்து "காய்ந்துவிட்டது" என்று நீங்கள் நினைத்தாலும், கண்ணிகளின் இடுக்கில் இருக்கும் உப்பு தனக்கு வேண்டிய தண்ணீரைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, சூடுள்ள கராஜில் துரு வேகமாகப் பிடிக்கும். வெளியே மைனஸ் 15-ல் கிடக்கும் உப்பு படிந்த செயினைவிட, 15 டிகிரியில் இருக்கும் அடித்தள பார்க்கிங்கில் கிடக்கும் அதே செயின் சீக்கிரம் கெடும். கதகதப்பான இடத்தில் நிறுத்துகிறோம் என்ற நிம்மதி, உப்பைக் கழுவிய பிறகுதான் செல்லுபடியாகும்.

ஓ-ரிங் செயினுக்குள் கிரீஸ் அடைத்தே வருகிறது. பிறகு வெளியே எதற்கு எண்ணெய்?

ஒரு கண்ணியைக் கிட்டத்தில் பாருங்கள். இரண்டு பக்கமும் தகடு. தகடுகளைக் கோத்திருப்பது 'பின்' எனப்படும் ஆணி. ஆணிக்கு மேல் ஒரு குழல், அதுதான் புஷ். புஷ்ஷுக்கு மேல் சுழலும் ரோலர். ஸ்பிராக்கெட்டின், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தின், பல்லில் உட்காருவது இந்த ரோலர். தொழிற்சாலையில் கிரீஸ் அடைப்பது ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் மட்டும். அது வெளியே வராமல் இருக்க உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே பக்கத்துக்கு ஒரு ரப்பர் வளையம். 110 கண்ணி கொண்ட செயினில் 220 வளையங்கள் இருக்கும்.

புஷ்ஷுக்கும் ரோலருக்கும் நடுவே அந்தக் கிரீஸ் கிடையாது. ரோலருக்கும் பல்லுக்கும் நடுவேயும் கிடையாது. தகடுகளின் வெளிப்புறத்துக்கும் காப்பு இல்லை. நீங்கள் போடும் எண்ணெய் இந்த மூன்று இடங்களுக்கும், ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்காமல் இருப்பதற்கும்தான். வளையம் ஒன்று வெடித்தால் அந்த இடத்துக் கிரீஸ் போய்விடும். திரும்ப அடைக்க வழியே இல்லை. எக்ஸ்-ரிங் செயினிலும் இதே அமைப்புதான். வளையத்தின் குறுக்குவெட்டு மட்டும் வேறு.

செயின் வேலையை நிறுத்தும்போது செய்வதா, வசந்தத்தில் எடுக்கும்போது செய்வதா?

நிறுத்தும்போது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "எப்படியும் ஏப்ரலில் சுத்தம் செய்யத்தானே போகிறோம்" என்று தள்ளிப்போட்டால், ஏப்ரலில் சுத்தம் செய்ய அழுக்கு இருக்காது, துருதான் இருக்கும்.

கடைசி ஓட்டத்தை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள்: மழையில்லாத, சாலை காய்ந்திருக்கும் ஒரு நாள். முதலில் வண்டியைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குங்கள். பிறகு 15, 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். தண்ணீர் சிதறிக் காய்ந்துவிடும், செயினும் வெதுவெதுப்பாகும். வீட்டுக்கு வந்ததும், செயின் ஆறுவதற்குள் வேலையைத் தொடங்குங்கள். வெதுவெதுப்பான செயினில் அழுக்கு இளகி வரும், எண்ணெயும் இடுக்குகளுக்குள் நன்றாக இறங்கும். கை வைத்தால் சுடக்கூடாது, இளஞ்சூடு போதும்.

என்னென்ன தேவை?

மண்ணெண்ணெய் அல்லது ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கும் செயின் கிளீனர். மண்ணெண்ணெய் 200 மி.லி. இருந்தால் ஒரு செயினுக்குத் தாராளம். ஹார்ட்வேர் கடைகளில் ஹீட்டருக்கென்று விற்பதே போதும். நைலான் முடி பிரஷ் ஒன்று (மூன்று பக்கம் முடியுள்ள செயின் பிரஷ் வசதி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஆகும்). நாலைந்து பழந்துணி, முடிந்தால் பனியன் துணி. டயரையும் பிரேக் டிஸ்கையும் மறைக்க அட்டை. கீழே விரிக்க இன்னொரு அட்டை, அதன்மேல் பழைய தட்டு. நைட்ரைல் கையுறை. எண்ணெய். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்த ஸ்டாண்டு.

கராஜில் தண்ணீர் ஹீட்டரோ கேஸ் ஃபர்னஸோ இருந்தால் மண்ணெண்ணெய் வேலையை அங்கே செய்யாதீர்கள். வெளியே, வாசலில் வைத்துச் செய்யுங்கள்.

சுத்தம் செய்யும் முறை?

எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துப் பைக்குள் போடுங்கள். கியர் நியூட்ரலில். பின் சக்கரம் தரையைத் தொடாமல் ஸ்டாண்டில். டயரும் டிஸ்கும் அட்டையால் மறைந்திருக்கட்டும்.

கீழ் ஓட்டத்தில், அதாவது இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே அடியில் தொங்கும் பகுதியில், ஒரு சாண் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து அந்தப் பகுதியின் நான்கு முகத்தையும் தேயுங்கள்: வெளிப்பக்கத் தகடு, உள்பக்கத் தகடு, மேலே, கீழே. உள்பக்கத் தகடுதான் எல்லோரும் விட்டுவிடும் இடம். அங்கே கை போகாது, கண்ணுக்கும் தெரியாது. கறுப்புப் பசை அங்கேதான் தடிமனாகச் சேர்ந்திருக்கும். தேய்த்த பகுதியை உடனே துணியால் பிடித்துத் துடையுங்கள். சக்கரத்தைக் கையால் கொஞ்சம் உருட்டி அடுத்த சாணுக்குப் போங்கள்.

மண்ணெண்ணெயை செயின்மேல் ஊற்றி ஊறவிடாதீர்கள். நனைத்துத் தேய்த்துத் துடைப்பது வேறு, மணிக்கணக்கில் ஊறப்போடுவது வேறு. இரண்டாவதில் ரப்பர் வளையங்களின் ஓரம் வழியே உள்ளே கசிந்து கிரீஸை இளக்கிவிடும்.

அடுத்து முன் ஸ்பிராக்கெட். அதன் மூடியை மூன்று அல்லது நான்கு போல்ட் பிடித்திருக்கும். கழற்றிப் பார்த்தால் பழைய எண்ணெயும் மண்ணும் உப்பும் சேர்ந்து களியாகி ஒரு விரல் தடிமனுக்கு அப்பிக்கிடக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் சுரண்டி எடுக்க வேண்டும், அதற்குச் சரியான நாள் இதுதான். ஈரத்தைப் பிடித்துவைத்துக் குளிர்காலம் முழுக்க செயினுக்கு ஊட்டுவது அந்தக் களி. மரக்குச்சியோ பிளாஸ்டிக் கரண்டியோ வைத்துச் சுரண்டுங்கள். ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீலைக் கூர்மையான எதனாலும் தொடாதீர்கள். சில வண்டிகளில் கிளட்ச் தள்ளும் கம்பியும் இந்த மூடிக்குள்தான் வரும், அதைக் கவனித்துக் கழற்றுங்கள்.

கடைசியாகக் காய்ந்த துணியால் செயின் முழுவதையும் இரண்டு சுற்றுத் துடைத்து, அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். ஈரச் செயினில் எண்ணெய் போட்டால் தண்ணீரை உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.

எஞ்சினை முதல் கியரில் ஓடவிட்டால் செயின் தானே சுழலுமே, வேலை சீக்கிரம் முடியுமே?

வேண்டவே வேண்டாம். ஓடும் செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே துணி சிக்கும், துணியோடு விரல் போகும். ஐடிலில் முதல் கியரில் சுழலும் சக்கரத்துக்கே விரலைத் துண்டிக்கும் விசை உண்டு. இப்படி விரல் இழந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். சக்கரத்தைக் கையால் உருட்டும்போதுகூட, துணி பிடித்த கை செயின் ஸ்பிராக்கெட்டுக்குள் நுழையும் பக்கம் இருக்கக் கூடாது. செயின் வெளியேறும் பக்கம் இருக்க வேண்டும்.

பெட்ரோல், பிரேக் கிளீனர், பிரஷர் வாஷர் பயன்படுத்தலாமா?

மூன்றும் கூடாது. பெட்ரோல், தின்னர், பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர் எல்லாம் ரப்பர் வளையத்தை ஊதவைக்கும் அல்லது காயவைத்து வெடிக்கவைக்கும். பிரஷர் வாஷர் தண்ணீரை வளையத்தைத் தாண்டி உள்ளே அடிக்கும்; உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை. இரும்புக் கம்பி பிரஷ் வளையத்தைக் கிழிக்கும்.

எந்த எண்ணெய் போடுவது?

சாதாரண நாட்களில் கேட்டால் பதில் எளிது: எது உங்களுக்குத் தவறாமல் போடச் சௌகரியமோ அது. நிறுத்திவைப்பதற்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்போது வேண்டியது உராய்வைக் குறைப்பதைவிட, வழியாமல் ஐந்து மாதம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு படலம்.

கியர் ஆயில் (80 அல்லது 90 கிரேடு) பல தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே சொல்லப்பட்டது, மலிவானது, ரப்பருக்கும் நல்லது. ஆனால் மாதக்கணக்கில் நிற்கும்போது மெல்ல வழிந்து சொட்டும். மேல்பக்கம் வறண்டு அடிப்பக்கம் மட்டும் நனைந்திருக்கும். ஒட்டும் வகை செயின் ஸ்பிரே, தெளிக்கும்போது தண்ணீராக இறங்கி, கரைப்பான் ஆவியானதும் கெட்டிப்படும். செயின் வேக்ஸ் மெழுகுப் படலமாக நின்றுவிடும், தூசி ஒட்டாது. நிறுத்திவைக்க இந்த இரண்டில் ஒன்று சிறந்தது. டெஃப்லான் கலந்த உலர் வகை ஸ்பிரே ஓட்டத்துக்குச் சுத்தமாக இருக்கும், ஆனால் துருக்காப்பில் பலவீனம். குளிர்கால நிறுத்தத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

எங்கள் தேர்வு இது: முதலில் மெல்லியதாகக் கியர் ஆயில், ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, அதன்மேல் ஒரு சுற்று ஒட்டும் ஸ்பிரே. ஆயில் ரோலருக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இறங்குகிறது. ஸ்பிரே வெளியே மூடுகிறது.

எவ்வளவு போடுவது, எந்த இடத்தில்?

செயினின் உள்வளைவில், அதாவது கீழ் ஓட்டத்தின் மேல்முகத்தில் போடுங்கள். ஓடும்போது சுழற்சி விசை எண்ணெயை வெளிநோக்கித் தள்ளும். உள்ளே போட்டது தானாக ரோலர் வழியே வெளியே வரும், வெளியே போட்டது சிதறிச் சக்கரத்தில்தான் விழும்.

குறிவைக்க வேண்டிய கோடுகள் இரண்டு: இடப்பக்கத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம், வலப்பக்கத் தகடுகள் சேரும் இடம். வளையங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு முழுச் சுற்று இடப்பக்கம், ஒரு முழுச் சுற்று வலப்பக்கம், பிறகு நடுவில் ரோலர்களுக்கு ஒரு சுற்று.

சுற்று என்பது சக்கரத்தின் சுற்று அல்ல. செயினில் 110 கண்ணி, பின் ஸ்பிராக்கெட்டில் 45 பல் என்று வைத்துக்கொண்டால், செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றிவர சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரை முறை உருள வேண்டும். சக்கரம் ஒருமுறை சுற்றியதும் நிறுத்திவிட்டால் செயினில் பாதிக்கும் மேல் எண்ணெய் படவில்லை என்று அர்த்தம். ஒரு கண்ணியில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டால் கணக்கே வேண்டாம்.

கியர் ஆயில் என்றால் மொத்தம் ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும், பிரஷ்ஷால் தடவலாம். ஒரு மணி நேரம் கழித்து வெளித்தகடுகளில் வழிவதைத் துடைத்துவிடுங்கள். நிறுத்திவைக்கும்போது மட்டும் தகட்டின்மேல் ஈரம் மினுங்குகிற அளவுக்கு மெல்லிய படலம் இருக்கட்டும். ஓட்டும் காலத்தில் அதையும் துடைக்கலாம்.

தெளித்து முடித்ததும் டிஸ்கையும் டயர் ஓரத்தையும் விளக்குப் பிடித்துப் பாருங்கள். டிஸ்கில் எண்ணெய்த் துளி பட்டிருந்தால், பிரேக் கிளீனரைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். டிஸ்கின்மேல் நேராக அடித்தால் அது செயினுக்கும் தெறிக்கும்.

டபிள்யூடி-40 போதாதா?

அதன் பெயரே வேலையைச் சொல்கிறது: தண்ணீரை விலக்கும் கலவை, 40-வது முயற்சியில் அமைந்தது. 1953-ல் துருவைத் தடுக்கவும் ஈரத்தைப் போக்கவும் உருவாக்கப்பட்டது. கழுவிய செயினில் மிச்ச ஈரத்தை விரட்ட நன்றாக உதவும். ஆனால் அதில் பெரும்பங்கு ஆவியாகும் கரைப்பான். பின்னால் தங்குவது மிக மெல்லிய எண்ணெய். ஐந்து மாதத்துக்கு அது காணாது. நீலமும் மஞ்சளுமான அந்தப் பழைய டப்பாவுக்குத்தான் இந்தப் பதில். அதே பெயரில் செயினுக்கென்றே தனியாக லூப் விற்கிறார்கள், அது வேறு பொருள்.

சென்டர் ஸ்டாண்டு இல்லை. என்ன செய்வது?

பேடாக் ஸ்டாண்டு (பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்டு) வாங்குவது நல்லது. குளிர்காலம் முழுக்க டயரையும் தரையிலிருந்து தூக்கிவைக்கும். அது இல்லாவிட்டால் வண்டியைச் சைடு ஸ்டாண்டிலேயே வைத்து, ஒரு சாண் வேலை முடிந்ததும் நிமிர்த்தி ஒரு சாண் தள்ளி, மறுபடி சாய்த்து வேலை செய்யலாம். நேரம் ஆகும், ஆனால் ஒழுங்காக நடக்கும். பக்கத்துக்கு ஒரு ஜாக்கி கொடுத்துத் தூக்கிவைத்து அடியில் கைவிடுவது மட்டும் கூடாது.

நடுவில் டிசம்பர், ஜனவரியில் எதுவும் செய்ய வேண்டுமா?

மாதம் ஒருமுறை, ஐந்து நிமிடம். எஞ்சினை ஓடவிடாமல், நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் மூன்று சுற்று உருட்டுங்கள். செயின் ஒரே நிலையில் நின்றால் ஸ்பிராக்கெட்டில் வளைந்திருக்கும் கண்ணிகள் மாதக்கணக்கில் வளைந்தே கிடக்கும். அந்த இடத்து வளையங்கள் ஒரே பக்கமாக அமுங்கிப்போகும். உருட்டும்போதே துருப்புள்ளி தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். தெரிந்த இடத்தில் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கும் பழக்கம் செயினுக்கு எந்த நன்மையும் செய்யாது. எஞ்சினுக்கும் சைலன்ஸருக்கும் உள்ளே தண்ணீர் சேர்ப்பதுதான் மிச்சம்.

எங்கே நிறுத்துவது, எதைப் போர்த்துவது?

பனி உருகும் நாட்களைக் கவனியுங்கள். இரவெல்லாம் மைனஸில் குளிர்ந்த உலோகத்தின்மேல் பகலில் ஈரக்காற்று பட்டால், குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் போல வண்டி வியர்க்கும். பிப்ரவரி, மார்ச்சில் துரு ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான். தார்ப்பாய், பிளாஸ்டிக் ஷீட் போன்றவை அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். காற்றுப் புகும் துணிப் போர்வைதான் வேண்டும். சிமெண்ட் தரையிலிருந்தும் ஈரம் ஏறும் என்பதால் வண்டிக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்போ பிளைவுட்டோ போடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: அதே கராஜில் என்ன வைத்திருக்கிறீர்கள்? நடைபாதைக்குப் போடும் உப்பு மூட்டை, நீச்சல்குளத்துக் குளோரின் மாத்திரை, உரமூட்டை. குளோரின் வாளி மூடி சரியாக மூடாமல் இருந்தால் அதன் ஆவி கராஜில் இருக்கும் இரும்பையெல்லாம் தின்னும். எண்ணெய்ப் படலமும் தாங்காது. அவற்றை வேறிடத்துக்கு மாற்றுங்கள். உப்போடு வீடு திரும்பும் காரும் வண்டியும் ஒரே கராஜ் என்றால், காரிலிருந்து வழியும் தண்ணீர் வண்டிப் பக்கம் ஓடாதபடி பாருங்கள்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் நிறுத்துபவர்களுக்கு: பல கட்டடங்களில் அங்கே வாகன வேலை செய்ய அனுமதி இல்லை. சுத்தமும் எண்ணெயும் வெளியிலேயே முடித்து, ஸ்பிரே கெட்டிப்பட ஓரிரு மணி நேரம் விட்டு, பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு இறக்குங்கள்.

ஏப்ரலில் எடுக்கும்போது செயின் ஆரஞ்சு நிறமாக இருக்கிறது. போய்விட்டதா?

எங்கே ஆரஞ்சு என்று பாருங்கள். வெளித்தகடுகளின் முகத்தில் மட்டும் மெல்லிய துரு என்றால் கவலை இல்லை. நைலான் பிரஷ், மண்ணெண்ணெய், துணி, பிறகு எண்ணெய், பெரும்பாலும் போய்விடும்.

தகடுகளுக்கு இடையிலிருந்து, ஆணியைச் சுற்றி, செந்தூள் கசிந்திருந்தால் அது வேறு கதை. அந்த வளையம் போய், உள்ளே கிரீஸ் போய், ஆணியும் புஷ்ஷும் காய்ந்து அரைபட்டு வரும் தூள் அது. எண்ணெய் போட்டால் ஒரு வாரம் மறையும், மறுபடி வரும். வளையம் வெளியே துருத்திக்கொண்டோ, அறுந்தோ, ஓரிடத்தில் இல்லாமலோ இருந்தாலும் அதே முடிவுதான். செயின் மாற்ற வேண்டும்.

ஒரு கண்ணி மட்டும் மடங்கினபடி நேராகாமல் நிற்கிறது. சரியாகுமா?

சில நேரம் ஆகும். அந்தக் கண்ணியில் மண்ணெண்ணெய் தொட்டு, கையால் முன்னும் பின்னும் இருபது முப்பது தடவை மடக்கி நிமிர்த்துங்கள். துடைத்து எண்ணெய் போட்டு, சக்கரத்தை உருட்டிப் பாருங்கள். ஸ்பிராக்கெட்டை விட்டு வெளியேறும்போது அது நேராகிவிட்டால், 100 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி பாருங்கள். இன்னமும் மடங்கியே வந்தால் விட்டுவிட வேண்டாம். விறைத்த கண்ணி ஒவ்வொரு சுற்றிலும் செயினை ஒரு கணம் இறுக்கி ஒரு கணம் தளர்த்துகிறது. ஓட்டும்போது ஒரே சீராக வரும் குலுக்கலாக அது தெரியும். சுத்தியலால் தட்டி நிமிர்த்தக் கூடாது, தகடு விரியும்.

தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும், எப்படி அளப்பது?

ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருப்பதுதான் கணக்கு. சாலை வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 40 மி.மீ.க்குள் வரும். நீண்ட சஸ்பென்ஷன் உள்ள அட்வென்சர் வண்டிகளிலும் வேறு சிலவற்றிலும் அதைவிட அதிகம். சைடு ஸ்டாண்டில் அளப்பதா, சக்கரத்தைத் தூக்கி அளப்பதா என்பதையும் கையேட்டில் பாருங்கள். இரண்டுக்கும் அளவு மாறும்.

கீழ் ஓட்டத்தின் நடுப்பகுதியில் ஒரு ஸ்கேலை நிறுத்தி, செயினை விரலால் கீழே அழுத்தி ஒரு அளவு, மேலே தூக்கி ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தொய்வு. சக்கரத்தை உருட்டி நாலைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தைக் கணக்கில் எடுங்கள். தளர்ந்த இடத்தை வைத்துச் சரிசெய்தால், இறுக்கமான இடம் வரும்போது கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கைத்தான் இழுக்கும்.

அதிக இறுக்கம், கொஞ்சம் அதிகத் தொய்வைவிட மோசம். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஸ்விங் ஆர்ம் மேலேறும். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்மின் கீல், பின் ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கமாகும். ஸ்டாண்டில் நிற்கும்போதே விறைப்பாக இருந்தால், குழியில் இறங்கி ஏறும்போது அது எங்கேயும் போக இடமில்லை.

சரிசெய்யும்போது ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சமமாகக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை முழுக்க நம்ப வேண்டாம். ஸ்விங் ஆர்ம் கீலின் நடுவிலிருந்து ஆக்சிலின் நடுவரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால் சக்கரம் நேராக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கையேடு சொல்லும் விசைக்கு டார்க் ரெஞ்சால் நட்டை முறுக்கி, மறுபடி தொய்வை அளங்கள். முறுக்கும்போது அளவு மாறியிருக்கும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

520, 525, 530 அளவுச் செயின்கள் மூன்றுக்கும் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒன்றுதான், 15.875 மி.மீ. அகலம் மட்டும் வேறு. ஆகவே புதுச் செயினில் 20 கண்ணியின் நீளம் 317.5 மி.மீ. வரும். கீழ் ஓட்டத்தை இறுக்கிப் பிடித்து, ஓர் ஆணியின் மையத்திலிருந்து 21-வது ஆணியின் மையம்வரை அளங்கள். எல்லை வண்டிக்கு வண்டி மாறும்: சில கையேடுகள் 319.4 மி.மீ. என்றும், சில 323 மி.மீ. என்றும் சொல்கின்றன. உங்கள் வண்டிக்குரியதைப் பாருங்கள். செயினில் மூன்று நான்கு இடத்தில் அளக்க வேண்டும், ஏனென்றால் எல்லா இடமும் ஒன்றுபோல் தேயாது. 428 செயினில் 20 கண்ணி 254 மி.மீ.

ஸ்கேல் கையில் இல்லாதபோது: பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பின்முனையில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது.

செயின் மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. தேய்ந்த பற்கள் சுறாவின் முதுகுத் துடுப்பு போல ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். புதுச் செயின் அவற்றில் சரியாக உட்காராமல் சீக்கிரம் நீளும். செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரே செட்டாக மாற்றுங்கள். செயினின் இரு முனைகளையும் இணைப்பது கிளிப் வகை லாக் என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசி கிளிப் கழன்றுவிடும்.

ஊரில் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார்கள், பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவார்கள். இங்கே அதையே செய்தால் என்ன?

அது ஓ-ரிங் இல்லாத செயினுக்கான முறை. ஊரில் 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் மூடிக்குள் ஓடும் 428 செயின்தான். அதில் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய் போக வேண்டியது வெளியிலிருந்தே என்பதால், ஊறவைத்துக் கழுவி, எண்ணெயில் மறுபடி ஊறவைப்பது சரியான வேலை. ஓ-ரிங் செயினில் அதே வேலை உள்ளேயிருக்கும் கிரீஸைக் கழுவிவிடும்.

பழைய எஞ்சின் ஆயில் எந்தச் செயினுக்கும் வேண்டாம். அதில் நுண்ணிய உலோகத் தூளும் எரிபொருளின் அமில மிச்சமும் கலந்திருக்கும். ஐந்து மாதம் இரும்பின்மேல் அமிலத்தைத் தடவி வைப்பதற்கு, எதுவும் தடவாமல் இருப்பதே மேல்.

வசந்தத்தில் முதல் ஓட்டம் எப்போது?

சாலையில் உப்பு போன பிறகு. பனி உருகியதும் ஓடிவிடாதீர்கள்; ஓரங்களில் உப்பும் மணலும் இருக்கும். இரண்டு நல்ல மழை கழுவிவிட்டுப் போகட்டும். கிளம்பும் முன் குளிர்காலத்துப் படலத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, புதிதாக ஒரு சுற்று எண்ணெய் போட்டு, ஒரு இரவு விட்டு மறுநாள் எடுங்கள். தொய்வை அளங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி அளங்கள். அதன்பின் 500 முதல் 1000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய், மழையில் ஓடினால் அன்றைக்கே.

அழுக்கு மண்ணெண்ணெயையும் துணியையும் என்ன செய்வது?

சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றக் கூடாது. மூடியுள்ள கேனில் சேர்த்து வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் அழுக்கு அடியில் படியும். மேலே தெளிந்ததை வடித்தெடுத்து அடுத்த ஆண்டு சுத்தத்துக்கே பயன்படுத்தலாம். அடியில் நின்ற சகதியை நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். மண்ணெண்ணெயில் நனைந்த துணிகளைக் குவித்துக் கராஜ் மூலையில் போடாதீர்கள். வெளியே ஒவ்வொன்றாக விரித்து நன்றாகக் காயவிட்டு, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, அந்தக் கேனோடு சேர்த்து அதே மையத்துக்குக் கொண்டுபோங்கள்.